தார்ப்பாய் மூடிய மெஷின்

செப்டம்பர் 4, திங்கள்

இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது பேங்கிலிருந்து போன். அவர் எடுக்கவில்லையாம், அதனால் எனக்கு அடித்திருக்கிறார்கள். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"தண்டபாணி சார் வீடுங்களா? ஜூலையில இருந்து டியூ நிக்குதுங்க மேடம். இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டலைன்னா அக்கவுண்ட் வாராக்கடன்ல போயிரும். சார்கிட்டச் சொல்லுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். ஜூலையிலிருந்து என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாதம்தான் தவறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "யாரு போன்ல?" என்றார்.

"கேஸ் புக் பண்ணுனதுக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது. இட்லிச் சட்டி தண்ணீர் வற்றி அடிப்பிடித்துவிட்டது.

மகள் மிருதுளா காலேஜ் விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன டைரி இது. யாரிடமும் சொல்ல முடியாததை இதில் எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன்.

செப்டம்பர் 6, புதன்

கணபதி ஏரியாவில் எங்கள் ஷெட். பம்புக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ் மாதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். பழைய மெஷின் இரண்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டினோம். பில் போடுவது, ஜி.எஸ்.டி. பார்ப்பது என் வேலை. யாருக்கும் பயப்படாமல் சாப்பிட்டோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்போதிருந்த பேங்க் மேனேஜர் அவராகவே ஷெட்டுக்கு வந்தார். டீ குடித்தார். "உங்களை மாதிரி நாணயமான பார்ட்டிக்கெல்லாம் நாங்க தேடி வந்து குடுக்கணும் சார். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பழசையே ஓட்டுவீங்க?" என்றார். அன்று இவர் நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது. பேங்க் லோனில், கம்ப்யூட்டரில் ஓடும் புது சி.என்.சி. மெஷின் வந்தது. அதற்கு என் அப்பா எனக்கு எழுதி வைத்த இந்த வீட்டை ஈடாகக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டது நான்தான். சந்தோஷமாகத்தான் போட்டேன்.

மெஷின் நன்றாக ஓடியது. ஓட ஓட இரும்பு ராடு கேட்டது. ராடுக்காரர் ரொக்கம் கேட்டார். சரக்கு வாங்கும் பம்பு கம்பெனி பணத்தைத் தருவதற்கு நாலு மாதம் ஆக்கியது. நடுவில் சமாளிக்க இருப்புக்கு மேல் பணம் எடுத்துக்கொள்ள பேங்கில் எங்களுக்கு இருந்த ஓ.டி. கணக்கு, இரண்டு பழைய மெஷினுக்காக எப்போதோ போட்டுக்கொடுத்த அளவிலேயே நின்றது. அதை ஏற்றித் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். மெஷின் வாங்கக் கொடுத்தவர்கள் அதை ஓட்டுவதற்குக் கொடுக்கவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறது. மற்ற நாளில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். டியூ மட்டும் எல்லா நாளும் ஓடுகிறது.

செப்டம்பர் 9, சனி

டீக்கடை பாக்கியை மொத்தமாக முடித்துவிட்டாராம். நல்லதுதான்.

அவருடைய கைக்கடிகாரத்தை முருகானந்தத்திடம் கொடுத்துவிட்டார். முருகானந்தம் ஷெட் ஆரம்பித்ததிலிருந்து எங்களிடம் இருக்கிறவர். "அண்ணன் இதைக் கழட்டிக் குடுத்துட்டாருங்கக்கா, நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்கல" என்று என்னிடம் வந்து சொன்னார். மிருதுளா பிறந்தபோது வாங்கிய கடிகாரம். அவரிடம் கேட்டேன். "அது சரியா ஓடலை" என்றார். முருகானந்தத்தின் கையில் பார்த்தேன், சரியான நேரம்தான் காட்டியது.

செப்டம்பர் 11, திங்கள்

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். இன்சூரன்ஸ் பேப்பர் எந்தப் பையில் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு என்ன பாஸ்வேர்டு, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் எல்லாம் சொன்னார்.

"இதெல்லாம் எனக்கு எதுக்குங்க இப்போ?"

"நீயும் தெரிஞ்சு வெச்சுக்கோணுமில்ல வாணி."

தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதான். முன்பெல்லாம் ஒரு பேப்பரை எடுத்த இடத்தில் வைக்கமாட்டார். இப்போது ரொம்ப ஒழுங்காகிவிட்டார். சட்டையைக்கூட அவரே மடித்து வைக்கிறார்.

ராத்திரி ரசம் மட்டும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

கடன் கேட்க என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள்.

செப்டம்பர் 18, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. மிருதுளா வந்திருந்தாள். கொழுக்கட்டை நன்றாக வந்தது. அவள் ஹாஸ்டல் கதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் கதையைக் கேட்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா என்னையே பாத்துட்டு இருக்கீங்க? மூக்குல ஏதாச்சும் ஒட்டியிருக்குதா?"

"இல்ல சாமி. நீ சொல்லு."

பஸ் ஏற்றிவிடப் போனவர் பஸ் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. ரோட்டில் தூசி என்றார்.

செப்டம்பர் 22, வெள்ளி

பால் ஊற்றும் சரஸ்வதி அக்கா கேட்டது: "ஏஞ்சாமி, உங்க வீட்டுக்காரரு தெனமும் ரயில் கேட்டுப் பக்கம் நிக்கறாரே, யாரையாச்சும் பாக்கறதுக்கா?"

அவர் காலையில் நடக்கப் போவது மாநகராட்சிப் பூங்காவுக்கு. பல வருடமாக அங்கேதான். ரயில் கேட் அதற்கு எதிர்த் திசையில் இருக்கிறது.

அங்கே காற்று நன்றாக இருக்கும் என்று போயிருப்பார்.

செப்டம்பர் 23, சனி

இன்றிலிருந்து நானும் அவரோடு நடக்கப் போகிறேன். எனக்கும் எடை கூடிவிட்டது. "உனக்கு எதுக்கு, முட்டி வலின்னு சொல்லுவியே" என்றார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். எந்த டாக்டர் என்று கேட்கவில்லை.

பூங்காவுக்குத்தான் போனோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கல்யாணமான புதிதில்கூட இப்படி நடந்ததில்லை. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். முட்டி நிஜமாகவே வலிக்கிறது.

செப்டம்பர் 30, சனி

மாதக் கடைசி. பேங்கிலிருந்து யாரும் போன் செய்யவில்லை. நாள் முழுக்க அந்த போனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வராதது அதைவிடப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 3, செவ்வாய்

சித்தி மகன் கதிர்வேல் போன் செய்தான். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறான். தீபாவளிக்கு எப்போது ஊருக்கு வருகிறோம் என்று கேட்டுவிட்டுப் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"மாமா பாலிசி பத்தி ரெண்டு மூணு தடவை கேட்டாருக்கா. பேங்குல கடன் இருந்தா அந்தப் பணம் வீட்டுக்கு வருமா, பேங்குக்குப் போயிருமான்னு. புதுசா ஏதாச்சும் போடற ஐடியாவா? நல்ல பிளான் இருக்குது, நான் வந்து பேசட்டுங்களா?"

அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து அணைந்துபோயிருந்தது. அதைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

அக்டோபர் 4, புதன்

வீட்டைச் சுத்தம் செய்தேன். பாத்ரூம் கழுவுகிறது, எலிக்கு வைக்கிறது, தோட்டத்துக்கு அடிக்கிறது என்று மூலையில் கிடந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆயுத பூஜைக்கு மிருதுளா வருவாள், இதெல்லாம் பிள்ளை இருக்கிற வீட்டில் கிடக்கக் கூடாது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. எழுதியபிறகு எனக்கே சிரிப்பு வருகிறது.

அக்டோபர் 12, வியாழன்

நோட்டீஸ் வந்துவிட்டது. பதிவுத் தபால். மொத்தக் கடனையும் அறுபது நாளுக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜாமீன்தாரர் என்று என் பெயரும் இருக்கிறது. கோகிலவாணி என்று என் முழுப்பெயரை அச்சில் பார்த்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இப்போதுதான்.

அவர் படித்தார். மடித்தார். உறைக்குள் வைத்தார். பிறகு, "ஒண்ணும் ஆகாது வாணி. வீடு உன்கிட்டத்தான் இருக்கும். அதுக்கு நான் ஒரு வழி வெச்சிருக்கறேன்" என்றார்.

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மேசையைத் தட்டியிருந்தால் பரவாயில்லை. அவ்வளவு அமைதியாகச் சொன்னார். என்ன வழி என்று கேட்கவேண்டியதுதானே. கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

மதியம் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். ஷெட்டுக்கு அடித்தேன். "அண்ணன் காலையிலேயே கெளம்பீட்டாருங்கக்கா, எங்கேன்னு சொல்லல" என்றார் முருகானந்தம்.

ஆட்டோ பிடித்தேன். முதலில் ரயில் கேட்டுக்குப் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் பேச்சுக் கொடுத்தார். "என்னங்கக்கா, அவசரமா?" வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்றேன். அவர் கண்ணாடியில் என் கையைப் பார்த்தார். என் கையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் வேகமாக ஓட்டினார்.

கேட் மூடியிருந்தது. வண்டிகள் நின்றன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் கூடி நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டோக் கம்பியை விடவில்லை. ஆட்டோக்காரரே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணுமில்லீங்கக்கா. கேபிளுக்குக் குழி தோண்டறாங்க." அவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்தேன்.

பிறகு டவுன் ஹால், ராடுக்கடை, அவருடைய சினேகிதர் ஆபீஸ். எங்கும் இல்லை. கடைசியில் பம்பு கம்பெனி. வாசலில் செக்யூரிட்டியிடம் கேட்டேன். "தண்டபாணி சாருங்களா? காலையில இருந்து ரிசப்ஷன்லதான் உக்காந்திருக்காரு. போனை இங்க வெச்சுட்டுத்தான் உள்ள போகோணும்" என்று பெட்டியைக் காட்டினார். பத்துப் பதினைந்து போன்களுக்கு நடுவில் அவருடைய போன் என் பெயரைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

உள்ளே நாற்காலியில் பள்ளிக்கூடப் பையன்போல் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பணம் கேட்க வந்தவரைக் காலையிலிருந்து காக்க வைத்திருக்கிறார்கள். "நீ எங்க இங்க?" என்றார்.

"இந்தப் பக்கம் வந்தேன்."

ஆட்டோக்காரர் போகாமல் நின்றிருந்தார். இரண்டு பேரையும் வீட்டில் விட்டார். எவ்வளவு சுற்றினோமோ அதில் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. அவர் தார்ப்பாயை எடுத்துவிட்டுப் புது மெஷினை அவரே துடைத்தார். ஒரு மணி நேரம் துடைத்திருப்பார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், பொரி வைத்தார். மிருதுளா போட்டோ எடுத்தாள். "அப்பா, கொஞ்சம் சிரிங்கப்பா" என்று நாலு தடவை சொன்னாள்.

பூஜை முடிந்ததும் ஆட்கள் ஏழு பேரும் நின்றார்கள். தீபாவளி போனஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவராகவே, "யாரும் கவலைப்பட வேண்டாம். உங்களுக்குச் சேர வேண்டியது எப்படியும் வந்து சேர்ந்துரும். நான் இருந்தாலும் இல்லாட்டியும் அக்கா குடுத்துரும்" என்றார்.

முருகானந்தம் என்னைப் பார்த்தார். நான் பொரியை அள்ளி எல்லோருக்கும் கொடுத்தேன்.

அக்டோபர் 26, வியாழன்

இன்று கேட்டுவிட்டேன்.

மதியம் கரண்ட் போயிருந்தது. ஆட்கள் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மெஷின் சத்தம் இல்லாமல் ஷெட் வேறு யாருடைய இடமோ போல இருந்தது. அவர் தார்ப்பாயின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் பில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லோணும். சாகோணும்னு நெனைக்கறீங்களா?"

இந்தச் சொல்லை இவ்வளவு நாளாக இந்த டைரியில்கூட எழுதாமல் இருந்தேன். எழுதினால் நடந்துவிடும் என்பதுபோல. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு சொன்னார்.

"நானா வரச்சொல்லல வாணி. காலையில கண்ணு முழிச்சா அதுவா வந்து உக்காந்துக்குது. போகுது, மறுபடியும் வருது. நான் போயிட்டா இன்சூரன்ஸ் வரும். கடன் அடைஞ்சுரும். வீடு உனக்கு நிக்கும், பிள்ளை படிப்பு முடிஞ்சுரும். எப்படிப் போட்டாலும் கணக்கு அப்படித்தான் வருது."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"வீடு எங்கப்பன் எனக்குக் குடுத்தது. அது போகட்டும்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குது. நீங்க போங்கன்னு நான் எப்பச் சொன்னேன்? என்னைய ஒரு வார்த்தை கேக்காம இந்தக் கணக்கை யாருங்க போடச் சொன்னது?"

"உன் மூஞ்சியில எப்படி முழிக்கறது? உங்கப்பன் வீட்டுல வந்து சீல் வெக்கறப்ப..."

"வெக்கட்டும். நாம ரெண்டு பேரும் வாசல்ல நின்னு பாக்கலாம். நான் தனியா நின்னு பாக்க மாட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெயும் இரும்புப் பிசிரும் கிடக்கிற தரை. நானும் உட்கார்ந்தேன். அவர் அழுதார். அவருடைய அப்பா இறந்தபோதுகூட இவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. முருகானந்தம் டீ வாங்கிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்று, ஆட்களை உள்ளே விடாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அக்டோபர் 27, வெள்ளி

மனநல டாக்டரிடம் போனோம். சர்க்கரை பார்க்க என்று சொல்லி அழைத்துப் போகலாமா என்று நினைத்தேன். பொய் போதும் என்று உள்ளதையே சொன்னேன். எதிர்ப்புச் சொல்லாமல் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

டாக்டர் சின்ன வயது. முதலில் அவரிடம் தனியாகப் பேசினார், பிறகு என்னிடம். "நீங்க நேரா கேட்டதுதான் நல்லதும்மா. கேட்டா அந்த எண்ணம் அதிகமாகும்னு பயப்படுவாங்க, அப்படி ஆகாது. மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் அவரைத் தனியா விடாதீங்க. கடனைப் பத்தியும் யார்கிட்டயாவது பேசுங்க, மூடி வைக்காதீங்க."

அவ்வளவு நாள் நான் ஒருத்தி மட்டும் பிடித்துக்கொண்டிருந்ததில் இன்னொருவர் கை வைத்ததுபோல் இருந்தது. பயம் போகவில்லை. ஆனால் மூச்சு விட முடிந்தது.

நவம்பர் 2, வியாழன்

இரண்டு பேரும் பேங்குக்குப் போனோம். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது ஜெயசீலி என்று நாகர்கோவில் பக்கத்து அம்மா.

அந்த அம்மா முதலில் கடுமையாகத்தான் பேசினார். "மூணு மாசமா எங்க ஆளு எத்தனை போன் பண்ணியிருக்கான் தெரியுமா சார்? நீங்க ஜூலையில வந்து முடியலன்னு சொல்லியிருந்தா தவணையை நீட்டிக் குடுத்திருக்கலாம். வாராக்கடன் ஆன பெறவு எங்கையில என்ன இருக்கு?"

இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். முன்பென்றால் நான் பேசியிருக்கமாட்டேன்.

"போன் எடுக்காதது தப்புத்தானுங்க மேடம். பயந்துட்டோம். ஆனா ஓ.டி.யை ஏத்திக் குடுங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தோமுங்க. அதுக்குப் பதில் வரலீங்க. ராடு வாங்க வழியில்லாம மெஷின் நிக்குது. நின்ன மெஷின்ல இருந்து எப்படிங்க டியூ வரும்?"

அந்த அம்மா கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரல் இறங்கியது. "எனக்குத் தெரியாததில்லம்மா. மெஷின் லோன் குடுத்தா பிராஞ்சுக்கு டார்கெட் ஏறும். ஓ.டி.யை ஏத்தணும்னா மேல உள்ளவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. இந்த ஒரு பிராஞ்சுல மட்டும் உங்கள மாதிரி பதினோரு ஷெட்டு இருக்கு. எனக்கும் ராத்திரி உறக்கம் வரத்தான் மாட்டேங்குது."

பிறகு ஒரு வழி சொன்னார். பேங்க் ஒப்புதலோடு மெஷினை நாங்களே ஆள் பார்த்து விற்று, வருகிற பணத்தை அப்படியே கட்ட வேண்டும். மிச்சக் கடனை வருடக் கணக்கில் பிரித்துத் தரச் சொல்லி அவர் மேலே எழுதுவார். ஒப்புக்கொள்வார்களா என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொள்ளும்வரை நோட்டீஸ் நிற்காது.

மெஷினை விற்பது என்றதும் இவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அந்த மெஷின்தான் அவருக்கு எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வித்துரலாமுங்க மேடம்" என்றார். "அதைப் பாத்தாலே எனக்கு வவுத்தைப் பெரட்டுது."

நவம்பர் 8, புதன்

ஓசூரிலிருந்து ஒருவர் வந்து மெஷினைப் பார்த்தார். வாங்கியதில் பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே. இவர் பேரம் பேசினார். பேரம் பேசும்போது குரல் உயர்ந்தது. பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

நவம்பர் 10, வெள்ளி

என் வளையலை விற்று ஏழு பேருக்கும் போனஸ் கொடுத்தோம். மூன்று பேரிடம், தீபாவளிக்குப் பிறகு வேலை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவரே சொன்னார். அதில் ஒருவருக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. அந்த ஆள் போனஸ் கவரைப் பாதியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். எங்கள் கடன் எங்களோடு நிற்கவில்லை. இதை எழுதும்போதும் அவர் முதுகுதான் தெரிகிறது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மிருதுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், மாத்திரை சாப்பிடுவதையும். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் ரொம்ப நேரம் அவர் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். பிறகு வந்து என்னிடம் சண்டை போட்டாள். "எங்கிட்ட ஏம்மா சொல்லல? நீ ஒருத்தியாவே எப்படிம்மா இருந்த?" வடை மாவு கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 24, வெள்ளி

பேங்க் ஒப்புதல் வந்து, மெஷின் போனது. கிரேன் வைத்துத் தூக்கினார்கள். லாரி திரும்பும்வரை இவர் பக்கத்தில் நான் நின்றேன். அவர் லாரியைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "டீ சாப்பிடலாமா?" என்றார். சாப்பிட்டோம்.

மிச்சக் கடனுக்கு இன்னும் பதில் வரவில்லை. அறுபது நாள் முடிய அதிக நாள் இல்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

டிசம்பர் 7, வியாழன்

ஜெயசீலி மேடம் அவராகவே போன் செய்தார். மிச்சத்தை ஆறு வருடமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து டியூ. ஒன்று தவறினாலும் பழைய நோட்டீஸ் உயிரோடு எழுந்து வந்துவிடும். ஓ.டி.யைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். "என்னால ஆனது இவ்வளவுதாம்மா" என்றார்.

பம்பு கம்பெனிக்கு இனிமேல் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் பணம் தருகிற சின்ன ஆர்டர் மட்டும் எடுக்கிறார். பழைய மெஷின் இரண்டும் நாலு ஆட்களும். ஆறு வருடம். அதற்குள் எந்த மாதம் எது வருமோ. பயம் ஒன்றும் எங்கேயும் போகவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

சாயங்காலம் கிராஸ்கட் ரோடு போனோம். மிருதுளாவுக்கு ஒரு சுடிதார் எடுக்கத்தான் போனது. வழியில் அவர் ஒரு செருப்புக் கடை முன்னால் நின்றார். "பழசு தேஞ்சு போச்சு, ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றார்.

கடைக்காரர் நாலைந்து ஜோடி எடுத்துப் போட்டார். இவர் ஒன்றைப் போட்டு நடந்து பார்த்தார். கழற்றினார். இன்னொன்றைப் போட்டு நடந்து பார்த்தார். அடியைத் திருப்பி விரலால் அழுத்தினார்.

"இது எத்தனை வருஷம் வருமுங்க?"

"ரெண்டு வருஷம் தாராளமா வரும் சார்."

"ரெண்டு வருஷம் பத்தாதுங்க" என்றார் இவர். "அதுக்கும் மேல வர்ற மாதிரி காட்டுங்க. கொஞ்சம் வெலை கூட ஆனாலும் பரவாயில்ல."

கடைக்காரர் ஏணி போட்டு மேல் தட்டில் தேட ஆரம்பித்தார். நான் எதிரே இருந்த குழந்தைகள் ஷூவைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.